முதல் நம்பர் கல்

மாயாண்டி அண்ணன், தோட்டத்துக் கணக்கெழுதும் என்னை ‘நாலாம் நம்பர் கிராணி’ என்று சொன்னவர். அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. காலைப் பெரட்டில், தோட்டத்து ஜனம் முழுக்க வரிசையாக நின்று பேர் கொடுக்கிற நேரத்தில் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆகையால் அவரைப் பற்றி நான் எழுதுவதில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலாயாவில் கோலா பிலாவிலிருந்து மலையோரமாக உள்ளே போனால் எங்கள் மேட்டுத் தோட்டம். அங்கே ஸ்டோரில் ரப்பர் சீட்டைத் தரம் பிரிப்பவர் மாயாண்டி. பாலைத் திராவகம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு எடுத்தால் தேன் நிறத்தில் சீட்டு வரும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறதா, தூசி இருக்கிறதா, காயாத இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். இரண்டு கையாலும் இழுப்பார். மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். பிறகு நம்பர் சொல்வார். ஒன்றுதான் உசத்தி, ஐந்து மட்டம். எதிலும் சேராததை மூலையில் தனியாகப் போட்டுவிடுவார்.

இது வேலை, இதில் யாருக்கும் வருத்தமில்லை. ஸ்டோரைப் பூட்டிய பிறகும் மனிதர் நிறுத்தமாட்டார் என்பதுதான் வருத்தம். கோயில் பொங்கலுக்கு நம்பர் போடுவார். கள்ளுக்குப் போடுவார். பெய்கிற மழைக்கும் போடுவார். அவர் மனைவி ராக்கம்மாவின் கருவாட்டுக் குழம்பு கல்யாணமான நாளிலிருந்து இரண்டிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் புளியைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், ஒரு தடவை கோபத்தில் புளியே போடாமலும் பார்த்தார். இரண்டு இரண்டுதான்.

மகள் நீலாவதியின் கல்யாணத்தில் நடந்தது இன்னும் மோசம். மாப்பிள்ளை அர்ச்சுனன் எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். மாலையும் கழுத்துமாக அவன் மாமனார் காலில் விழுந்து எழுந்தபோது, ஆசீர்வாதம் பண்ண வேண்டிய மனிதர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மூணு. இழுவை நல்லாருக்கு, குமிழு ஜாஸ்தி” என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தில் அவனுக்குப் பேரே ‘மூணாம் நம்பர் மாப்ள’ என்றாகிவிட்டது. அவன் மாமனாரோடு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

முதல் நம்பர் என்பது சீட்டுக்கு மட்டும்தான். அதுவும் லேசில் வராது. வெள்ளைக்கார துரை இருந்த காலத்தில், கப்பலுக்கு அவசரம் என்று கொஞ்சம் இரண்டாம் நம்பர் சீட்டை முதல் நம்பரோடு கலந்து கட்டச் சொன்னார். மாயாண்டி கட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “லண்டன்ல ஒருத்தன் கட்டைப் பிரிச்சிப் பாப்பான். மாயாண்டி பொய் சொல்லிட்டான்னு நெனைப்பான்” என்றார். லண்டனில் இருக்கிறவனுக்கு மாயாண்டி என்று ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது என்று துரை எடுத்துச் சொன்னார். “எனக்குத் தெரியுமில்ல” என்றார் இவர். கட்டு கலக்கப்படவில்லை.

ஜப்பானியர் வந்தார்கள். துரை சிங்கப்பூருக்கு ஓடினார். ரப்பரை வாங்க ஆளில்லை, புகைக்கூடம் பேருக்குப் புகைந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று எங்கள் எல்லாருடைய முகமும் மரவள்ளிக்கிழங்கு மாதிரியே ஆகிக்கொண்டிருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் எங்கள் தோட்டத்துக்கும் உத்தரவு வந்தது. வயசுப் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை லாரியில் ஏற வேண்டும். அர்ச்சுனன் அதில் ஒருவன். நீலாவதி அப்போது முழுகாமல் இருந்தாள்.

அந்த உத்தரவு வந்த வாரத்தில்தான் கல் விழுந்தது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. திடீரென்று மலை இடிந்த மாதிரி சத்தம். குண்டு என்று நினைத்து எல்லாரும் வடிகாலில் குதித்தோம். மாயாண்டி என் மேல்தான் குதித்தார். காதுக்குள் ஒரே இரைச்சல், முதுகில் அவருடைய முழங்கை, அந்த நிலையிலும் மனிதர், “சத்தம் ரெண்டாம் நம்பரு” என்கிறார்.

மரவள்ளிக் கொல்லையில் ஒரு குழி. குழிக்குள் அம்மிக் குழவி அளவில் கரிய கல், பக்கத்தில் அதிலிருந்து தெறித்த கைப்பிடித் துண்டு ஒன்று. துண்டை மாயாண்டி எடுத்துக்கொண்டார். கையில் கரி ஒட்டியது. முகர்ந்தால் மண்ணெண்ணெய் மாதிரி லேசான வாடை. குழவியை ராக்கம்மா எடுத்துக்கொண்டார். வானத்திலிருந்து இறங்கி, யாரையும் நசுக்காமல், நம் கொல்லை என்று பார்த்து வந்த கல் முனியாண்டி சாமியாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? ஸ்டோருக்குப் பக்கத்து மரத்தடியில் கல்லை நட்டார். மழை படாமல் மேலே தகரம் மறைத்து, மஞ்சள் துணி கட்டினார். சயாமுக்குப் போக இருந்த பிள்ளைகளின் தாய்மாரும் பெண்டாட்டிமாரும் காலையும் மாலையும் எண்ணெய் கொண்டுவந்து சாமிக்குத் தடவினார்கள். எண்ணெய் கிடைக்காத காலம். தலைக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காயெண்ணெய்தான் சாமிக்குப் போயிற்று. பெண்கள் எல்லாரும் பரட்டைத் தலையோடு திரிந்தார்கள், சாமி ஒருவர்தான் மினுமினு என்று இருந்தார்.

‘கையில் கரி ஒட்டுகிற கறுப்புக் கல்’ என்ற பேச்சு கோலா பிலா வரைக்கும் போயிற்று. அங்கே இருந்த ஜப்பான் கேப்டன் அதை நிலக்கரி என்று நினைத்தான். பார்த்துச் சொல்ல ஓர் ஆளை அனுப்பினான்.

வந்தவர் பேர் தெராவோ. ராணுவக்காரர் இல்லை. யுத்தத்துக்கு முன்னால் ஏதோ கல்லூரியில் கற்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். தடித்த கண்ணாடி, தோளில் பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய பூதக்கண்ணாடி. உலகத்தில் எதற்கும் பயப்படாத ஜப்பானியரைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். இவர் அட்டைப்பூச்சிக்குப் பயந்து குதித்துக் குதித்து நடந்து வந்தார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. கட்டாய வகுப்பில் நான் படித்த ஜப்பான் பாஷை கும்பிடு போடுவதற்கு மட்டும்தான் உதவும். நல்ல வேளையாக, யாரும் கேட்காத இடத்தில் அவர் மெதுவாக இங்கிலீஷ் பேசினார்.

ஸ்டோரில் ஜன்னலடியில் மாயாண்டியின் துண்டை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “இது நிலக்கரி இல்லை. வானத்துக் கல். அதிலும் கரி கலந்த வகை. இதைக் கையில் வைத்துப் பார்க்க எங்கள் வாத்தியாருக்குக்கூடக் கொடுத்து வைக்கவில்லை” என்றார்.

நான் தமிழில் சொன்னேன். மாயாண்டிக்கு முகம் கடுத்துவிட்டது.

“அதெப்படி பாத்த ஒடனே சொல்றாரு? இழுத்துப் பாக்கல, மோந்து பாக்கல. என்னா தரம் பிரிக்கிறாரு இவரு? கேளுங்க கிராணி ஐயா.”

தலை போகிற விஷயம். பயந்துகொண்டேதான் சொன்னேன். தெராவோ கோபித்துக்கொள்ளவில்லை. நகர்ந்து இடம் கொடுத்து, இவர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் காலை முழுக்க இரண்டு பேரும் ஒரே கல்லைக் கொத்திக்கொண்டு கிடந்தார்கள். நடுவில் நான் இரண்டு பாஷையிலும் திட்டு வாங்கினேன்.

மாயாண்டி வெளிப்பக்கத்தைத் தடவினார். முட்டை ஓடு போல மெல்லிய கறுப்புத் தோல். உடைந்த பக்கம் மங்கலாக, மாவு போல இருந்தது. “நெருப்பு ஏறிப்போன சீட்டு. மேல கருகிடுச்சி, உள்ள காயவே இல்ல” என்றார். அதுதான் சரி என்றார் தெராவோ. விழுகிற வேகத்தில் காற்று உரசி மேல்தோல் மட்டும் உருகியது, உள்ளே சூடு போகவே இல்லை. மாயாண்டிக்கு அங்கேயே தலை கனத்துவிட்டது.

கனம் இறங்க அதிக நேரமாகவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், கறுப்புக் களிக்குள் கசகசா மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. “குமிழு” என்றார் மாயாண்டி. குமிழ் இல்லை, உருகிய பாறை சொட்டுச் சொட்டாக இறுகிய மணிகள், இந்தப் பூமி உண்டாவதற்கும் முன்னால் இறுகியவை என்றார் தெராவோ. நடுவில் வெள்ளைப் பொட்டுகள் இருந்தன. “பூசணம்” என்றார் மாயாண்டி. இந்தக் கல்லிலேயே முதலில் பிறந்தவை அவைதான், அவ்வளவு பழசு என்றார் தெராவோ. “பழசாத்தான் இருக்கும். பூசணம் பிடிச்சிருக்கே.”

பொடியைக் காந்தத்தில் காட்டினார்கள். மீசை முளைத்த மாதிரி கொஞ்சம் ஒட்டியது. பாலை உறைய வைக்க ஒளித்து வைத்திருந்த திராவகத்தில் ஒரு சொட்டு விட்டார்கள். மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நுரைத்தது, அழுகிய முட்டை நாற்றம் வந்தது. சுண்ணாம்பு ஒரு பக்கம், இரும்போடு சேர்ந்த கந்தகம் ஒரு பக்கம் என்று தெராவோ சந்தோஷமாகச் சொன்னார். மாயாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்த வாசனைக்கே அஞ்சாம் நம்பரு” என்றார். களி முழுக்கக் களிமண், அதற்குள் கரியும் தண்ணீரும் கட்டிக்கொண்டு இருக்கின்றன என்றதும் மனிதர் துள்ளினார். “கல்லுக்குள்ள தண்ணியா? நான்தான் சொன்னேனே, காயலன்னு!”

கடைசியாக ஒரு துணுக்கைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார்கள். புசுபுசு என்று குமிழ் விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்தது. தெராவோ என்னைப் பார்த்தார். “பெரிய கல்லை வெளியே என்ன செய்கிறார்கள்?”

“இன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டப் போகிறார்கள்” என்றேன்.

மனிதர் அட்டைப்பூச்சியை மறந்து ஓடினார். மரத்தடியில் ராக்கம்மா குடத்தைத் தூக்கிவிட்டார். தெராவோ பாய்ந்து குடத்தைப் பிடித்தார். ஜப்பான்காரருக்கே பக்தி வந்துவிட்டது, தன் கையால் ஊற்ற ஆசைப்படுகிறார் என்று நினைத்து ராக்கம்மா குடத்தை அவரிடம் கொடுத்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ அவர் நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். அவர் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து விழித்த விழி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

“இந்தச் சாமிக்குத் தண்ணி ஆகாதாம். எண்ணெ மட்டும்தான் ஆகுமாம்” என்று நான் சமாளித்தேன். பெண்கள் சரியென்றார்கள். அன்றிலிருந்து எண்ணெய் இரட்டிப்பாயிற்று.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் தெராவோ கல்லின் வகையைச் சொல்லத் தொடங்கினார். சில கற்களில் உருண்டை மணிகள் நெருக்கமாக இருக்கும். சிலவற்றில் மணியே கிடையாது, வெறும் களி. மணி எத்தனை, எவ்வளவு பெரிசு, களி எவ்வளவு, அதைத் தண்ணீர் எவ்வளவு ஊற வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் எந்த வகை என்று சொல்வார்களாம். இதில் மணியும் இருக்கிறது, தண்ணீரில் கரைகிற களியும் இருக்கிறது. தாம் படித்த எந்த வகையிலும் இது அடங்கவில்லை என்றார்.

“அப்ப மூலையில தனியா போடச் சொல்லுங்க” என்றார் மாயாண்டி.

தெராவோ சிரித்துவிட்டார். “நானும் அதைத்தான் எழுதப் போகிறேன். தனி வகை. இதுவரை யாரும் எழுதாதது.” அவர் முகம் பச்சைப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

கேப்டனுக்காக ஒரு வேலை பாக்கி. ஒரு துணுக்கைப் புகைக்கூடத்து அடுப்பில் போட்டார்கள். லேசாகப் புகைந்தது, மண்ணெண்ணெய் வாடை வந்தது, சிவந்தது. அப்புறம் கல் கல்லாகவே கிடந்தது. எரியவில்லை. தெராவோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிலக்கரியாக இருந்திருந்தால் உங்கள் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். சுரங்கம் தோண்ட ஆள் வேண்டும் என்று கேப்டன் அவர்களை இங்கேயே வைத்துக்கொண்டிருப்பான்” என்றார்.

அதை நான் மாயாண்டிக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே அது ராக்கம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. லயத்தில் சுவர் பலகைதான், நான் அவர்களுக்கு அடுத்த வீடு; அடுத்த வீட்டுப் பேச்சு நம் வீட்டுப் பேச்சு.

“நீங்க ஒரு வார்த்த நெலக்கரின்னு சொன்னா என்னா லா? அந்த ஆளும் ஒத்துக்குவாரு. நல்ல மனுசன், விபூதி பூசிக்கிட்டாரில்ல.”

“கல்லு நெலக்கரி இல்ல.”

“நெலக்கரி இல்லதான். ஒங்க மக பொட்டோட இருக்க வேணாமா?”

பிறகு மாயாண்டியின் குரல் வந்தது, அவர் குரல் மாதிரியே இல்லாமல். “நான் வேற என்னா சம்பாரிச்சேன் புள்ள? நம்பரு தப்பா சொல்லமாட்டான்னு ஒரு பேரு. அது ஒண்ணுதான்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. மருமகன் உயிரைவிடப் பேர் பெரிசா என்று எழுந்து போய்க் கேட்கலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் கேட்க மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. கூடவே கேப்டனும் வந்தான். பிள்ளைகள் துணி மூட்டையோடு லாரியடியில் நின்றார்கள். தாய்மார் அழுகையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நின்றார்கள். தெராவோ விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். கேப்டனுக்குக் கேட்கப் பொறுமையில்லை. நேராக மரத்தடிக்குப் போய், மினுமினு என்று இருந்த சாமியின் தோளில் சுத்தியலால் ஒரு போடு போட்டான். பெண்கள் ‘முனியாண்டி!’ என்று அலறினார்கள். உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் வந்து, அவனே அடுப்பில் எறிந்தான்.

குப்பென்று எரிந்தது. மஞ்சள் கொழுந்து ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. ஸ்டோர் முழுக்க எங்கள் பெண்களின் தலையெண்ணெய் வாசனை. அத்தனை நாள் தடவிய எண்ணெயை அந்தக் காயாத கல் குடித்துக் குடித்து வைத்திருந்தது. அங்கே இருந்தவர்களில் அந்த வாசனை என்னவென்று தெரியாத ஒரே ஆள் கேப்டன். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“நிலக்கரிதானே?” என்று தெராவோவிடம் கேட்டான். ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் லாரி. தெராவோ படித்தவர் அல்லவா, படித்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். “அடுப்பில் எரிகிற பொருளைப் பற்றி இவரைக் கேட்பதுதான் முறை. இந்தத் தோட்டத்தில் தரம் சொல்கிறவர் இவர்தான்” என்று மாயாண்டியைக் கையால் காட்டிவிட்டார்.

கேப்டன் திரும்பினான். “என்ன தரம்?” என்றான். தெராவோ என் காதோரம் இங்கிலீஷில் சொன்னார், நான் தமிழில் கேட்டேன்.

மாயாண்டி அடுப்பைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். இத்தனை வருஷம் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த அதே ஜன்னல். அதற்கு நேரே வெளியே லாரி நின்றது. அர்ச்சுனன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நீலாவதிக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சிரிக்க வைக்கப் பார்த்தான் போலிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை.

மாயாண்டி கையை உயர்த்தினார். ஒரு விரல்.

“மொத நம்பரு” என்றார்.

லாரி வெறுமையாகத் திரும்பிப் போனது. பிள்ளைகளை லயத்துக்குப் பின்னால் மலையடியில் தோண்ட விட்டார்கள். தோண்டினார்கள், தோண்டினார்கள், மஞ்சள் களிமண் வந்தது, கருங்கல் வந்தது, தண்ணீர் வந்தது. கேப்டன் மாற்றலாகிப் போனான். அடுத்தவன் வந்து, முந்தியவன் தொடங்கியதை ஏன் நிறுத்துவது என்று விட்டுவிட்டான். சர்க்கார் எந்தக் கொடியில் வந்தாலும் அந்தப் புத்தி ஒன்றுதான். அவ்வப்போது வந்து பார்க்கிற தெராவோ, ‘இன்னும் ஆழத்தில் இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போவார். காய்ச்சலும் பட்டினியும் எங்களுக்கும் இருந்தன. ஆனால் பிள்ளைகள் கண் முன்னால் இருந்தார்கள். நீலாவதிக்குப் பெண் குழந்தை பிறந்து, அப்பன் தோளிலேயே வளர்ந்தது.

சாமிதான் பாவம். எண்ணெய் அடியோடு தீர்ந்துபோனதும், சாமியை எத்தனை நாள் காய வைப்பது என்று ராக்கம்மா தண்ணீர்க் குடத்தை எடுத்துவிட்டார். அன்று தெராவோ பக்கத்தில்தான் நின்றிருந்தார். இது வானத்துக் கல், விலை மதிப்பில்லாதது என்று சொன்னால் அது நிலக்கரி இல்லை என்று ஆகிவிடும். அவர் வாயைத் திறக்கவில்லை. குடம் குடமாக ஊற்ற ஊற்ற, உலகத்தில் யாரும் எழுதாத அந்தத் தனி வகை கறுப்புச் சேறாகக் கரைந்து வடிகாலில் ஓடியது. மாயாண்டி வைத்திருந்த துண்டையும் சோதனை சோதனை என்று இரண்டு பேருமாக ஏற்கனவே தீர்த்திருந்தார்கள். தெராவோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மாயாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேருக்கும் பேச ஒரு பாஷை இல்லை. என்னையும் கூப்பிடவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் விட்டால் நான் நிஜமாகவே நாலாம் நம்பர் கிராணி. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மாயாண்டி நம்பர் சொல்லவில்லை. குழம்புக்குச் சொல்லவில்லை, மழைக்குச் சொல்லவில்லை. முதலில் லயமே நிம்மதியாக மூச்சு விட்டது. போகப் போக யாருக்கும் நன்றாக இல்லை. ராக்கம்மா குழம்பை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். யுத்தம் முடிந்து துரை திரும்பி வந்தார். ரப்பருக்கு மறுபடி காலம் வந்தது. மாயாண்டியை ஜன்னலடிக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு விறகு தள்ளப் போய்விட்டார்.

“ஏண்ணே இப்படி?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒரு நம்பரு பொய்யா போட்டாச்சி ஐயா. இனிமே நான் போடற ஒண்ணை எவன் நம்புவான்?”

“அது பொய்யின்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமில்ல” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. நேராக அர்ச்சுனனிடம் போய், அந்தக் கல் என்ன, எரிந்தது எது, மாமனார் விரலைத் தூக்கியது எதற்கு என்று ஒன்று விடாமல் சொன்னேன். வாய் நீளமான அந்தப் பயல் கையிலிருந்த வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனான். என்ன நடக்கிறதென்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன். ராக்கம்மா சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா” என்றான் அர்ச்சுனன். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “எனக்கு என்னா நம்பரு போட்டீங்க?”

மாயாண்டி தட்டைப் பார்த்துக்கொண்டே, “அதெல்லாம் இப்ப எதுக்கு மாப்ள” என்றார்.

“மூணு போட்டீங்க. கல்லு விழுறதுக்கு முந்தி போட்டது. பொய்யே சொல்லாத வாயால போட்டது. அதை யாரும் மாத்தப்படாது மாமா. நான் மூணாம் நம்பரு, அசலு மூணாம் நம்பரு. எவன் கேட்டாலும் சொல்லுவேன்.”

மாயாண்டி நிமிர்ந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார், பந்தலில் பார்த்த மாதிரியே. கண்ணில் தண்ணீர் நின்றது.

“குமிழு இன்னும் கொறயல” என்றார்.

ராக்கம்மா கரண்டியோடு நின்று அழுதுகொண்டே சிரித்தார். “என் கொழம்புக்கு ரெண்டும் அப்ப போட்டதுதானே?” என்றார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அடுத்த வாரமே மனிதர் ஜன்னலடிக்குத் திரும்பிவிட்டார்.

நான் வாசலில் நின்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அவர் நாலு போட்டது யுத்தத்துக்கு முன்னால், கல் விழுவதற்கு முந்தி; அதுவும் அசல் நாலு. இப்போது கேட்டால் ஒருவேளை மூன்று தருவாராக இருக்கும், என் முகத்துக்காக இரண்டுகூடத் தருவார். நான் இதுவரை கேட்கவில்லை.